ஓலையின் மூன்றாவது வரி

எங்கள் ஆட்களுக்கு முதலில் தீங்கு செய்தவன் பெயர் சீராளன். இதைச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவது எங்கள் வழக்கம். என் அப்பா அப்படித்தான் சொன்னார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். பெயரை முதலிலேயே சொல்லாவிட்டால், கதை முடிவதற்குள் கேட்கிறவர்கள் அவன்மேல் இரக்கப்பட்டுவிடுவார்கள். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும். ஆனால் ஒரு பெயரை மறக்காமல் வைத்திருக்க எழுத்து தேவையில்லை.

கேளுங்கள். மலைக்கு ஒரே ஒரு கணவாயும், கணவாய்க்கு ஒரு மரக்கதவும், கதவுக்குச் சொந்தக்காரராக ஒரு ராஜாவும் இருந்த காலம் அது. கதவுக்கு இந்தப் பக்கம் சமவெளி. அந்தப் பக்கம் மலைநாடு. எங்கள் ஆட்கள் கடற்கரையில் உப்பு ஏற்றி, மாட்டு வண்டியில் மலைநாட்டுக்குக் கொண்டுபோய், தினைக்கும் மிளகுக்கும் மாற்றிக்கொண்டு வருவார்கள். ஊர் என்று ஒன்று கிடையாது. வண்டிதான் ஊர்.

ராஜாவுக்கு ஒற்றர் பயம் இருந்தது. அதனால் ஒரு கட்டளை போட்டார். கதவைத் தாண்டுகிறவர் கையில் ஓர் ஓலை இருக்க வேண்டும். அதில் மூன்று வரி. முதல் வரியில் பெயர். இரண்டாம் வரியில் ஊர். மூன்றாம் வரியில், 'இவரை நான் அறிவேன்.' அதன்கீழ் ஓலைக்காரருடைய முத்திரை. ஒருமுறை வாங்கிய ஓலை, பூச்சி அரித்து உதிரும்வரை செல்லும்.

கதவை ஒட்டி இருந்த ஊருக்குக் கதவடி என்று பெயர். அந்த ஊர் ஓலைக்காரன்தான் சீராளன். அடுத்த ஓலைக்காரன் இருந்தது ஆற்றுக்கு அப்பால், ஐந்து நாள் பயணத்தில்.

சீராளன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். அவன் பொய் சொல்ல மாட்டான். எறும்பைப் பார்த்தால் காலைத் தூக்கி வைப்பான். எழுத்தாணியைத் தொடுவதற்குமுன் கை கழுவிக்கொண்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவான். இருபது வருஷம் அப்படி எழுதினான். இருபது வருஷமும் மூன்றாவது வரி அவனை ஒன்றும் செய்யவில்லை. முகம் தெரியும், திருடன் என்று கேள்விப்படவில்லை, அந்த வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம். ராஜாவுக்கும் அது தெரியும். கதவுக் காவலனுக்கும் தெரியும்.

ஒருநாள் மலைநாட்டிலிருந்து ஒரு சேதி வந்தது. சீராளன் ஓலை எழுதிக் கொடுத்த வளையல்காரன் ஒருவன், அங்கே கோயிலில் அம்மன் முகத்தில் பதித்திருந்த வெள்ளிக் கண்மலரைத் திருடி அகப்பட்டுக்கொண்டான். யாரும் சீராளனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதவுக் காவலன் கொற்றன் அவனிடம் சொன்னான்: "விடுங்க ஓலைக்காரரே. திருடன் நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?"

சீராளன் விடவில்லை. என் கை அல்லவா எழுதியது, அறிவேன் என்று? அவன் நெஞ்சு எனக்குத் தெரிந்திருந்ததா? தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் பொய்தானே? அப்படியானால் இருபது வருஷம் நான் எழுதியதெல்லாம் என்ன? இப்படி ஒரு கேள்வி இன்னொன்றைப் பெற்றது. அது இன்னொன்றைப் பெற்றது.

கோயிலுக்குப் போனான். ஈர வேட்டியோடு நின்று, கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்தான். இனி அறியாத ஒருவரை அறிவேன் என்று எழுத மாட்டேன். செய்த பாவம் கழிய, உப்பில்லாமல் சாப்பிடுவேன்.

அவன் மனைவி நங்கை சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "உப்பை விட்டா பொய் போயிரும்னா, ஊர்ல மாடுதான் பெரிய யோக்கியன்."

அதற்குப் பிறகு அவள் ஒன்று கேட்டாள். "என்னோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்றீங்க. என்னை அறிவேன்னு எழுதுவீங்களா?"

அவன் சோற்றில் கை வைத்தபடி யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சத்தியம் செய்தும் அவனுக்கு ஆறவில்லை. இனி எழுதப்போவது சரி. ஏற்கெனவே எழுதியது? ஒவ்வொரு ஓலையும் ஒவ்வொரு பொய்யாக ஊரெல்லாம் நடமாடுகிறதே. அவற்றைத் திரும்ப வாங்கி மூன்றாவது வரியைச் சுரண்டிவிட வேண்டும் என்று கிளம்பினான்.

முதலில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த மூக்கனிடம் போனான். "ஓலையை உன்கிட்ட குடுத்துட்டு, என் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு உன் முதுகுல ஏறியா போவேன்?" என்றான் மூக்கன்.

இரண்டாவதாகப் பானை வனையும் சடையியிடம் போனான். "எழுதுனது நீ. பாவம் உனக்கு. ஓலை எனக்கு," என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்.

மூன்றாவதாக எங்கள் ஆதனிடம் வந்தான். உப்பை மாற்றி முடித்து, தினையும் மிளகும் ஏற்றிய வண்டியோடு கடற்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான் ஆதன். பக்கத்தில் அவன் மனைவி பூதி. இருவருக்கும் சேர்த்து ஒரே ஓலை.

சீராளன் வண்டியை மறித்து, கண் கலங்க எல்லாவற்றையும் சொன்னான். "நீங்க உப்போட திரும்பி வர்றதுக்குள்ள யோசிச்சு, எது மெய்யோ அதை எழுதி வெச்சிருக்கேன்."

பூதி புருஷனின் இடுப்பில் இடித்தாள். "குடுக்காதீங்க. யோசிக்கிறவன்கிட்ட எதையும் குடுத்தா திரும்ப வராது."

ஆதன் கேட்கவில்லை. "நல்ல மனுஷன், அழுதுட்டுக் கேக்கறாரு," என்று ஓலையை எடுத்துக் கொடுத்தான்.

எங்கள் ஆட்களில் அப்படி ஒரு தப்பை அவன்தான் முதலில் செய்தான். அவனுக்குப் பிறகு யாரும் செய்ததில்லை.

கடற்கரையில், உப்புப் பாத்தியில் நடக்கும்போது பூதியின் உள்ளங்காலில் ஒரு கிளிஞ்சல் ஏறியது. எங்களுக்கு அது தினமும் நடப்பது. சாம்பல் வைத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளில் கால் வீங்கியது. நான்கு நாளில் பாதம் கறுத்தது. கறுப்பு கணுக்காலைத் தாண்டியபோது ஆதன் ஏற்றியிருந்த உப்பு மூட்டைகளை இறக்காமலே மாட்டைப் பூட்டினான்.

அந்தப் புண்ணுக்கு மருந்து தெரிந்தவர் மலைநாட்டில் ஒரே ஒரு வைத்தியர். கதவைத் தாண்டி அரைநாள் வழி. கிழவர், மலையை விட்டு இறங்காதவர். கறுப்பு முழங்காலுக்கு வருவதற்குள் கொண்டுவந்தால் பிழைக்க வைப்பார். வந்துவிட்டால் தொடவே மாட்டார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

கதவடிக்கு வந்து சேர்ந்தபோது கறுப்பு முழங்காலுக்கு நான்கு விரல் கீழே இருந்தது.

சீராளன் ஓலையை எடுத்து வந்தான். முதல் வரியில் பெயர்கள் இருந்தன. இரண்டாம் வரியில் உப்பங்கரை என்று ஊர் இருந்தது. மூன்றாம் வரி இருந்த இடம் வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தது.

"எழுதிக் குடுங்க ஐயா. காலைப் பாருங்க," என்றான் ஆதன்.

சீராளன் பார்த்தான். எழுத்தாணியை எடுத்தான். எடுத்தவன் கண் இரண்டாம் வரியில் போய் நின்றது.

"உப்பங்கரைன்னு எழுதியிருக்கேனே. நீங்க அங்கயா குடியிருக்கீங்க?"

"வருஷத்துல மூணு மாசம் இருப்போம்."

"அப்போ ஒன்பது மாசம் இது பொய்."

வண்டிக்குள்ளிருந்து பூதி சொன்னாள்: "மூணு மாசம் மெய்யில்லையா ஐயா? அந்த மூணு மாசத்துல நாங்க கதவைத் தாண்டினதா வெச்சுக்கங்க."

அவன் சிரிக்கவில்லை. மற்ற ஒன்பது மாதமும் எங்கெங்கே வண்டி நிற்கும் என்று கேட்டான். ஆதன் சொல்லச் சொல்ல எழுதினான். ஆலமரத்து மேடு, சந்தைப்பட்டி, ஆற்றுத் துறை. ஓலையில் இடம் போதவில்லை. இன்னொரு ஓலையைச் சீவி, துளை போட்டு, நூல் கோர்த்தான். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூன்றாவது வரியை நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

ஆதன் வண்டியைக் கதவுக்கு ஓட்டினான். கொற்றனின் காலைப் பிடித்தான்.

கொற்றன் அவனைத் தூக்கி நிறுத்தினான். "எனக்கு உன்னைத் தெரியாதா மாமா? எட்டு வருஷமா பாக்கறேன். பூதி அக்கா கையால கஞ்சி குடிச்சிருக்கேன். ஆனா எனக்குத் தெரியுமான்னு யாரும் கேக்கல. ஓலைக்குத் தெரியுமான்னுதான் கேக்கறாங்க. ஓலை இல்லாம விட்டா என் தலை போயிரும்."

முதல் நாள் அப்படிப் போனது. கறுப்பு இரண்டு விரல் ஏறியது.

இரண்டாம் நாள் காலையில் நங்கை கஞ்சி எடுத்து வந்தாள். வெந்நீர் வைத்துப் பூதியின் காலைக் கழுவி, வேப்பிலை அரைத்துப் போட்டாள். சீராளனும் பக்கத்தில் நின்று ஈ ஓட்டினான். அவ்வளவு இரக்கம் அவனுக்கு இருந்தது. எழுத மட்டும் கை வரவில்லை.

"உங்களை நான் அறிவேனா? அதுதான் கேள்வி," என்றான்.

"பதினஞ்சு வருஷமா உங்க வீட்டுக்கு உப்பு நான்தான் அளக்கறேன்," என்றாள் பூதி.

"அது கையை அறிஞ்சது. நெஞ்சை அறிஞ்சதா ஆகுமா?"

பூதிக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. இந்த மனுஷனுக்கு வேண்டியது நெஞ்சு, அதைத் திறந்து காட்டிவிட்டால் எழுதிவிடுவான் என்று அவள் நினைத்தாள். பாவம், அவளுக்கு உப்பு தெரியும், மாடு தெரியும். இப்படிப்பட்டவர்களைத் தெரியாது.

"சரி, அறிஞ்சுக்கங்க ஐயா," என்றாள். "பெருமழை பேஞ்ச வருஷம் எங்க உப்பு நனைஞ்சு போச்சு. ஈர உப்பைக் காஞ்ச உப்புன்னு சொல்லி உங்க வீட்டுக்கும் அளந்தேன். இவருக்குக்கூடத் தெரியாது. நான் செஞ்ச களவு அது ஒண்ணுதான். இப்போ இந்த ஊர்ல உங்களைவிட என்னை அறிஞ்சவங்க யாரும் இல்லை. எழுதுங்க."

ஆதன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். நங்கை சிரித்துவிட்டாள். "அந்த உப்பா? அப்பவே எனக்குத் தெரியும். சட்டியில வறுத்துக்கிட்டேன்."

சீராளன் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இவ பொய் சொன்னவ," என்றான்.

"அதைச் சொன்னதும் நான்தானே ஐயா? ஓலையில நல்லவன்னா எழுதச் சொல்றாங்க? அறிவேன்னு எழுதத்தானே சொல்றாங்க?"

எழுத்தறிவில்லாத ஒருத்தி சரியாகத்தான் கேட்டாள். ஆனால் சீராளன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டான். அறியாதபோது எழுதினால் பொய். அறிந்தபிறகு எழுதினால், பொய் சொன்னவளுக்குச் சாட்சி. எந்தப் பக்கம் போனாலும் பாவம் வாயைத் திறந்துகொண்டு நிற்பதுபோல் அவனுக்குத் தெரிந்தது. சாமியைக் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

இரண்டாம் நாள் அப்படிப் போனது. கறுப்பு இன்னும் ஒரு விரல் ஏறியது.

மூன்றாம் நாள் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோல மடித்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, சின்னப் பெண் ஒருத்தியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் எழுதலாம். சிவப்பு வந்தால் கூடாது.

அந்தப் பெண் எடுத்தாள். வெள்ளை.

ஆதன் அங்கேயே விழுந்து கும்பிட்டான். சீராளன் எழுந்திருக்கவில்லை. வரும் வழியில் ஒரு கழுதை தன்மேல் உரசியது அவனுக்கு நினைவு வந்தது. சுத்தமில்லாமல் கேட்ட கேள்விக்கு வந்த பதில் செல்லுமா? குளத்தில் முங்கிவிட்டு வந்தான்.

இரண்டாம் முறை எடுத்தாள். வெள்ளை.

அந்தப் பெண்ணுக்கு முடிச்சு அடையாளம் தெரிந்திருக்குமோ என்றான். வேறு பெண்ணைக் கூட்டிவரச் சொன்னான்.

பூசாரிக்கே பொறுமை போய்விட்டது. "சாமி ரெண்டு தடவை சொல்லியாச்சு. காது கேக்காதது சாமிக்கில்லை."

மூன்றாம் முறை வேறொரு பெண் எடுத்தாள். சிவப்பு.

"பாத்தீங்களா," என்றான் சீராளன். இரண்டு முறை வந்ததை நம்பாதவன், ஒருமுறை வந்ததை உடனே நம்பினான். ஆதனிடம் கை கூப்பி, "என்னால முடியாதுப்பா, சாமி வேணாம்னு சொல்லிருச்சு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். அப்போது அவன் முகத்தில் நிம்மதி இருந்ததாம். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது இது. மற்ற எல்லாவற்றையும்கூட விட்டுவிடலாம். அந்த நிம்மதியைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாளும் போனது. கறுப்பு முழங்காலைத் தாண்டியது.

நான்காம் நாள் காலையில் பூதி தண்ணீர் கேட்டாள். குடித்தாள். வண்டியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கதவு தெரியும். அதற்கு மேலே மலை தெரியும். "ரெண்டு சத்தம் போட்டா வைத்தியருக்குக் கேக்கும் போல இருக்கே," என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

ஊர் கூடிவிட்டது. வெளியூர்ப் பிணத்தைக் கதவடியின் சுடுகாட்டில் எரிக்க வேண்டுமென்றாலும் ஓர் ஓலை வேண்டும். அதிலும் அதே மூன்று வரி. யாரும் கேட்பதற்குமுன் சீராளன் ஓடிவந்தான். கை கழுவவில்லை. கோயில் திசையைப் பார்க்கவில்லை. வண்டிச் சக்கரத்தின்மேலேயே ஓலையை வைத்து எழுதினான். பூதி. ஊர், கதவடி. இவரை நான் அறிவேன். முத்திரையையும் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஆதன் அதை வாங்கவில்லை.

"அறிவீங்களா ஐயா?"

"அறிவேன்."

"எப்போலேருந்து?"

சீராளன் குனிந்து கையிலிருந்த ஓலையைப் பார்த்தான்.

"அவ இந்த ஊர்க்காரியும் இல்லையே. இதுல பொய் எழுதியிருக்கீங்க," என்றான் ஆதன். கோபத்தில் சொல்லவில்லை. சும்மா எடுத்துச் சொன்னான். "எங்க ஓலையில ஒரு வரி இருந்துச்சு. நீங்க அழுதுட்டுக் கேட்டீங்க, நான் எடுத்துக் குடுத்தேன். அதைத் திருப்பிக் குடுங்க."

"அதைச் சுரண்டிட்டேனேப்பா."

"அப்போ இது வேணாம்."

பூதியை உப்பு மூட்டைகளின்மேல் கிடத்தி, மாட்டைத் திருப்பினான். நங்கை வண்டிக்குப் பின்னால் ஊர் எல்லைவரை நடந்து வந்தாள். கொற்றன் கதவை விட்டு நகர முடியாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடற்கரைக்கு ஏழு நாள் வழி. உப்பு இருந்ததால் அவளைக் கொண்டுபோக முடிந்தது. அதைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

சீராளன் அன்றோடு எழுத்தாணியை விட்டான். வேறு ஆள் வந்தான். அவன் எல்லோருக்கும் மூன்று வரியையும் எழுதிக் கொடுத்தான். எங்கள் வண்டிகள் கதவடியைத் தாண்டும்போதெல்லாம் சீராளன் பாதையோரத்தில் நிற்பான். கையில் அந்த ஓலை. முதல் வருஷம் நின்றான். இரண்டாம் வருஷம் நின்றான். மூன்றாம் வருஷம் கோல் ஊன்றி நின்றான். ஆதன் ஒருமுறையும் மாட்டை நிறுத்தவில்லை. நான்காம் வருஷம் பாதையோரத்தில் யாரும் இல்லை.

சின்னவர்களும் பெரியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: தன்மேல் பாவம் ஒட்டக் கூடாது என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவன், ஒரு பொய்யும் சொல்லாமலே ஓர் உயிரைக் கொன்றுவிடுவான்.

சீராளன் வம்சத்தார் இப்போதும் இருக்கிறார்கள். நல்லவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு தடவை ஆள் அனுப்பி, பழசை மறந்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கோயிலில் சேர்ந்து பொங்கல் வைக்கலாம் என்றார்கள். நான் போகவில்லை. எங்களிடமிருந்து அவன் வாங்கிக்கொண்டு போனது ஒரு வரி. அது இன்னும் எங்களுக்கு வரவில்லை.